வாங்க மறுத்த தபால்

மும்பை,
24.3.2024

அன்பு அண்ணிக்கு, உங்க நாத்தனார் கீதாஞ்சலி எழுதறது. நீங்களும் அண்ணனும் சௌக்கியமா? உப்பளத்துல உப்பு வார ஆரம்பிச்சிருப்பீங்க. இந்த வெயில்ல தலைக்குத் துணி கட்டாம இறங்காதீங்க.

ஞாயித்துக்கிழமை தவறாம போன்ல பேசறவ எதுக்குக் கடுதாசி போடறான்னு தலையைச் சொறிவீங்க. காரணம் இருக்குது. போன்ல அண்ணன்கிட்ட இடுப்புல லேசா சுளுக்குன்னு சொன்னேன் இல்லையா? சுளுக்கு இல்ல அண்ணி. மார்ச் ஒன்பதாம் தேதி டூட்டியில, கௌஹாத்தியில இருந்து விமானத்துல வர்றோம். பெல்ட் போடச் சொல்ற லைட் எரிஞ்சுது. பயணிங்க எல்லாரும் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்க. கேபின் க்ரூ எங்களுக்கு மட்டும், டீ குடுத்து முடிச்சுட்டுத்தான் உக்காரணும்னு கம்பெனி விதி. நான் டிராலியைப் பிடிச்சுக்கிட்டு நடுவழியில நிக்கறேன். விமானம் ஒரே தூக்கா தூக்கிக் கீழ போட்டுச்சு. தலை கூரையில இடிச்சுது, கீழ விழுந்தேன், டிராலி என் மேல விழுந்துச்சு. முதுகெலும்புல விரிசல். இடது கையில வெந்நீர் கொட்டி முழங்கை வரைக்கும் தோல் உரிஞ்சு போச்சு. மூணு மாசம் அசையக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

இந்த மாதிரி அடிபட்டவங்களுக்காக எங்க சங்கம் போராடப் போகுது. போன மாசம் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்ல பேசினதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேனேஜர்கிட்ட குடுத்துட்டாங்க. பேசின நாலு பேருக்கு டூட்டி இல்லாம பண்ணிட்டாங்க. அதனால இந்த விஷயம் எதுவும் போன்ல வேணாம்னு எங்க செயலாளர் பர்வீன் மேடம் கண்டிப்பா சொல்லிட்டாங்க. அதுவுமில்லாம உங்க போனை அண்ணன்தானே முதல்ல எடுக்கறாரு. சங்கம்னு காதுல விழுந்தா, கெளம்பி வாடின்னு மறுநாளே டிக்கெட் போட்டுடுவாரு. அவருக்குத் தெரிய வேணாம் அண்ணி.

பதில் போடுங்க. படுத்த படுக்கையா இருக்கறவளுக்கு அது ஒண்ணுதான் பொழுதுபோக்கு.

உங்கள்,
கீதா

*

மரக்காணம்,
3.4.2024

அன்பு நாத்தனார் கீதாவுக்கு அண்ணி அமராவதியின் கைப்பட. இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். நீ நல்லா இல்லைன்னு தெரிஞ்ச பிறகு நலமான்னு கேட்டா நக்கலா இருக்கும். அதனால கேக்கல.

அடிப்பாவி! முதுகெலும்பை ஒடிச்சுக்கிட்டு சுளுக்குன்னு சொல்லியிருக்கியே, உன்னை என்ன பண்றது? தபால்கார நடராசன் அளத்துக்கே வந்து, "என்னக்கா, உனக்கெல்லாம் லெட்டர் வருது"ன்னு குடுத்துட்டுப் போறான். வரப்பு மேலயே உக்காந்து படிச்சேன். பாத்தியில நின்னு அழுதா வியர்வைன்னு நெனச்சுப்பாங்கன்னு பார்த்தா, கூட வேலை செய்யற பாப்பாத்தி கண்டுபிடிச்சுட்டா. யாருக்கு என்ன ஆச்சுன்னு நச்சரிச்சா. கண்ணுல உப்புத் தண்ணி பட்டுடுச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

டீ குடிக்கலைன்னா செத்தா போயிடுவாங்க? அவன் பெல்ட் கட்டிக்கிட்டு உக்காருவான், நீ நின்னுக்கிட்டு ஊத்தணுமா? எந்த மகராசன் எழுதினான் இந்த விதியை? உன் சங்கம் கேக்கறது நியாயம்தான். கேளுங்க. நல்லா சத்தமா கேளுங்க.

உன் அண்ணனுக்குச் சொல்லல. ஆனா அந்த மனுஷன் ஊரெல்லாம் "என் தங்கச்சி வானத்துல இருக்கா"ன்னு பெருமை அடிக்கறப்ப நான் முகத்தைத் திருப்பிக்கறேன். மஞ்சளும் நல்லெண்ணெயும் பார்சல்ல அனுப்பட்டுமா? டாக்டர் வேணாம்னு சொன்னா விட்டுடு.

அசையாம படு. இது உன் அண்ணியோட உத்தரவு.

அமராவதி

*

மும்பை,
28.4.2024

அன்பு அண்ணிக்கு கீதா. உங்க கடுதாசியைப் படிச்சு சிரிச்சதுல முதுகு வலி அதிகமாயிடுச்சு, அந்த அளவுக்கு சௌக்கியம். நீங்க ஓட்டுப் போட்டீங்களா? அண்ணன் வழக்கம்போல காலையில ஏழு மணிக்கே போய் நின்னிருப்பாரு.

என் அறையைக் காலி பண்ணிட்டேன். கம்பெனி குடுத்த ஃபிளாட் அது, டூட்டிக்கு வராதவங்களுக்கு இடம் இல்லைன்னுட்டாங்க. பர்வீன் மேடம் வீட்டு ஹால்ல ஒரு கட்டில் போட்டுக் குடுத்திருக்காங்க. மேல இருக்கறது அவங்க அட்ரஸ், இனிமே இதுக்கே எழுதுங்க. கம்பெனி ரெக்கார்டுல நம்ம மரக்காணம் வீடுதான் இருக்குது.

போன வாரம் கம்பெனி ஆள் ஒருத்தர் பழக்கூடையோட பார்க்க வந்தாரு. நலம் விசாரிச்சாரு, ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தாரு, அப்புறம் பைக்குள்ள இருந்து ஒரு பேப்பரை எடுத்தாரு. நான் கவனக்குறைவா இருந்ததால விழுந்தேன்னு அதுல எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டா வைத்தியச் செலவைப் பார்த்துப்பாங்களாம். நான் போடல. பழத்தைத் திரும்பக் குடுக்கலாம்னு பார்த்தேன், பாதி உரிச்சாச்சு. "கம்பெனியில இருந்து எது வந்தாலும் கையெழுத்துப் போடாதீங்க"ன்னு சங்கத்துல எல்லாருக்கும் சொல்லியிருக்காங்க.

நாங்க கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல அண்ணி. பெல்ட் லைட் எரிஞ்சா எங்களையும் உக்கார விடணும். வேலையில அடிபட்டா அது வேலையில பட்ட அடின்னு ஒத்துக்கணும். வைத்தியம் முடியற வரைக்கும் வேலையை விட்டுத் தூக்கக்கூடாது. புது பார்லிமென்ட் கூடினதும் டெல்லிக்குப் போய் ஒவ்வொரு எம்.பி.யா பார்த்து மனு குடுக்கப் போறோம். அடிபட்டவங்க சார்பா நான் பேசணுமாம். இந்த வேலை இல்லைன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. பயமாத்தான் இருக்குது. ஆனா நான் பேசலைன்னா யாரு பேசறது?

உங்க இடுப்பு வலி எப்படி இருக்கு?

கீதா

*

மரக்காணம்,
10.5.2024

அன்பு கீதாவுக்கு அண்ணி. வெயில் கொளுத்துது, உப்பு நல்லா விளையுது, காலு ரெண்டும் வெடிச்சுக் கிடக்குது. மத்தபடி குறையில்ல.

பழக்கூடைக்காரன் கதையைப் படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஏன்னு சொல்றேன் கேளு. என் இடுப்பைப் பத்தி விசாரிச்சியே, ஆறு வருஷத்துக்கு முன்னாடி கூடையோட வரப்புல வழுக்கி விழுந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். மூணாம் நாள் முதலாளியோட கணக்குப்பிள்ளை வந்தான். ஆஸ்பத்திரிக்கு வேணும்னு ஒரு பேப்பரை நீட்டினான். வலியில என்னன்னு படிக்கல, போட்டுட்டேன். பத்தாவது வரைக்கும் படிச்சவ, படிக்காமப் போட்டேன். பார்த்தா, நானா வேலையை விட்டு நின்னுட்டேன்னு எழுதியிருக்கான். எழுந்து நடக்க ஆரம்பிச்சப்ப அந்த அளத்துல எனக்கு இடமில்ல. வேற ஆளுகிட்ட போய்ச் சேர ஒரு வருஷம் ஆச்சு.

அன்னையில இருந்து அளத்துப் பொம்பளைங்க நாங்க ஒரு கட்டுப்பாடு வெச்சிருக்கோம். முதலாளி பக்கத்துல இருந்து பேப்பர் வந்தா கையெழுத்து மட்டுமில்ல, கையால தொடவே கூடாது. தொட்டா ஒத்துக்கிட்ட மாதிரி. போன வருஷம் பதினோரு பேரை நிறுத்தறேன்னு நோட்டீஸ் குடுத்து அனுப்பினாங்க. ஒருத்திகூட வாங்கல. பாப்பாத்தி முந்தானைக்குள்ள கையை வெச்சுக்கிட்டு நின்னா. கொண்டு வந்தவன் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு எடுத்துக்கிட்டுப் போனான். மூணு வாரம் கழிச்சு, உப்பு வார ஆள் இல்லாம அவங்களே கூப்பிட்டு விட்டாங்க. எப்படி?

அதனால நீ தைரியமா இரு. டெல்லியில பேசறப்ப தலையைக் குனியாதே. நல்ல புடவையா கட்டு, அந்த மாம்பழக் கலர் உனக்கு எடுப்பா இருக்கும்.

அண்ணி அமராவதி

*

டெல்லி,
28.7.2024

அன்பு அண்ணிக்கு. உங்க உடம்பு, அண்ணன் உடம்பு எல்லாம் நல்லா இருக்கட்டும். என் முதுகு பரவாயில்ல. பெல்ட் கட்டிக்கிட்டு நடக்கறேன், ஆகாயத்துல இல்ல, தரையில.

மாம்பழக் கலர் புடவைதான் கட்டினேன். ஆறு நாள்ல இருபத்தி மூணு எம்.பி.ங்களைப் பார்த்தோம். பாதிப் பேர் வீட்டு வாசல்லயே மனுவை வாங்கிக்கிட்டு அனுப்பிட்டாங்க. ஒருத்தர், "நீங்க எல்லாம் ஜாலியா ஊர் சுத்தறவங்கதானே, உங்களுக்கு என்ன கஷ்டம்?"ன்னு கேட்டாரு. எனக்கு சுருக்குன்னுச்சு. கையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். ஒரு அம்மா மட்டும் நாற்பது நிமிஷம் உக்கார வெச்சு கேட்டாங்க. என் எக்ஸ்ரேயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாங்க. சபையில கேள்வி கேக்கறேன்னு சொல்லியிருக்காங்க. டீ வந்துச்சு. கப்பை எடுத்தேன், ஆவியைப் பார்த்ததும் கீழ வெச்சுட்டேன். அவங்க அதையும் கவனிச்சாங்க.

அதெல்லாம் நல்ல செய்தி. கெட்ட செய்தி, முந்தா நாள் என்னை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. என்னோட சேர்த்து ஏழு பேர். கம்பெனி விஷயத்தை வெளிய சொல்லிட்டோமாம். என் கம்பெனி மெயிலையும் மூடிட்டாங்க. எனக்கு வர்ற கோபத்துக்கு அளவே இல்ல. இனிமே அவங்க கிட்ட இருந்து எது வந்தாலும் நான் வாங்கறதா இல்ல. உங்க அளத்துக் கட்டுப்பாடுதான் சரி அண்ணி. தொட மாட்டேன்!

அண்ணன்கிட்ட இன்னும் மூச்சு விடாதீங்க. நாளைக்கு மும்பை திரும்பறேன்.

கீதா

*

மரக்காணம்,
4.8.2024

என் வீரத் தங்கமே கீதாவுக்கு அண்ணி எழுதறது. உடம்பு எப்படின்னு கேட்டா இன்னைக்கு எனக்கு இருபது வயசு குறைஞ்ச மாதிரி இருக்குது.

உன் கடுதாசி வெள்ளிக்கிழமை வந்துச்சு. சஸ்பெண்டுன்னு படிச்சதும் அவனுங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனா கடைசியில எழுதியிருந்தே பாரு, உங்க கட்டுப்பாடுதான் சரின்னு. டெல்லி வரைக்கும் போய் பேசறவ இந்த அண்ணி சொன்னதைச் சரின்னு சொல்றாளேன்னு எனக்கு அப்படி ஒரு பூரிப்பு. பாப்பாத்திகிட்ட அந்த வரியைப் படிச்சுக் காட்டினேன். மன்னிச்சுக்கோ, அந்த ஒரு வரியை மட்டும்தான்.

உன் அண்ணி சும்மா இருக்கல. உனக்காக நேத்து ஒரு காரியம் பண்ணியிருக்கேன். அளத்துல எல்லாரும் கை தட்டினாங்க. என்னன்னு இப்ப சொல்ல மாட்டேன். பொங்கலுக்கு வா, நேர்ல சொல்லி சிரிக்க வைக்கறேன்.

உன் அண்ணன் லாரிக்கு உப்பு ஏத்தப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள இதைத் தபால்ல போட்டுடறேன்.

அண்ணி

*

மும்பை,
5.8.2024

அன்பு அண்ணிக்கு. இது அவசரக் கடுதாசி. நலம் விசாரிக்கறதை ஞாயித்துக்கிழமை போன்ல வெச்சுக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அப்ப அண்ணன் பக்கத்துல இருப்பாரு, இதைப் பேச முடியாது. அதான் எழுதறேன்.

போன கடுதாசியில கோபத்துல கிறுக்குத்தனமா எழுதிட்டேன். இன்னைக்குத்தான் சங்கத்து வக்கீலைப் பார்த்தோம். எங்க ஏழு பேருக்கும் குற்றச்சாட்டுப் பத்திரம் ரெஜிஸ்டர் தபால்ல வருமாம். கம்பெனி ரெக்கார்டுல இருக்கற அட்ரஸுக்கு, அதாவது நம்ம வீட்டுக்கு. அதை வாங்கியே ஆகணும் அண்ணி! வாங்கினதா கையெழுத்துப் போட்டா குத்தத்தை ஒத்துக்கிட்டதா ஆகாது. வாங்கலைன்னாலும் வாங்கினதாவே சட்டம் எடுத்துக்கும். அன்னையில இருந்து பதினஞ்சு நாளைக்குள்ள பதில் குடுக்கணும். குடுத்துட்டா விசாரணை நடக்கும், வருஷக்கணக்கா இழுக்கலாம், அதுவரைக்கும் வேலையில இருந்து எடுக்க முடியாது. குடுக்கலைன்னா அவங்களே ஒரு பக்கமா முடிவு பண்ணி, டிஸ்மிஸ்னு அடிச்சுடுவாங்க.

தபால் வந்ததும் வாங்கிப் பிரிச்சு, பர்வீன் மேடம் நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் மட்டும் குடுங்க. நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கேன். மீதியை நாங்க பார்த்துக்கறோம். என் வேலையே அந்தக் கவர்லதான் இருக்குது.

கீதா

*

மரக்காணம்,
12.9.2024

அன்பு கீதாவுக்கு அண்ணி எழுதறது. நலம். உன் நலம் அறிய ஆவல். ரொம்ப நாளா எழுத முடியல, மன்னிச்சுக்கோ.

இங்க ரெண்டு நாளா மழை. பாத்தியில இருந்த உப்பெல்லாம் கரைஞ்சு போச்சு. திரும்ப முதல்ல இருந்து மிதிச்சு கெட்டிப்படுத்தணும். உன் அண்ணனுக்குச் சளி, மிளகு ரசம் வெச்சுக் குடுத்தேன். விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பண்ணினேன், வெல்லப் பாகு முறிஞ்சு போச்சு. விருத்தாம்பாள் சித்தி மகளுக்கு ஆரோவில்ல வேலை கிடைச்சிருக்கு, பேக்கரியில. காலையில பஸ்ஸுல போயிட்டு சாயங்காலம் வந்துடறா. நல்ல எடம்னு சொல்றாங்க.

போன்ல நாலு வாரமும் நீ கேட்டே. அப்ப சொன்னதுதான். இங்க தபால் ஒண்ணும் வரல.

நேரத்துக்குச் சாப்பிடு. முதுகைப் பார்த்துக்கோ.

அமராவதி

*

மும்பை,
17.11.2024

அண்ணிக்கு கீதாஞ்சலி. நீங்களும் அண்ணனும் நலமா இருப்பீங்கன்னு நம்பறேன்.

வேலை போயிடுச்சுன்னு போன மாசம் அண்ணன்கிட்ட போன்ல சொன்னேன். ஏன்னு சொல்லல. அவரும் கேக்கல, "வீட்டுக்கு வாம்மா"ன்னு மட்டும் சொன்னாரு. செப்டம்பர் முப்பதாம் தேதி டிஸ்மிஸ் ஆர்டர். குற்றச்சாட்டுக்கு நான் பதிலே குடுக்கலைன்னு அதுல இருந்துச்சு. மத்தவங்களுக்கு ஒவ்வொரு தேதியில வந்ததால எனக்கும் வரும்னு காத்துக்கிட்டிருந்தேன், எனக்கு எதுவும் வரவே இல்லைன்னு சத்தியம் பண்ணினேன். வக்கீல் என்னை நம்பி, கம்பெனிக்கு எழுதி ஃபைலைக் கேட்டாரு. போன திங்கக்கிழமை அந்தக் கவரை என் முன்னாடி வெச்சாரு.

நடராசன் கையெழுத்து அண்ணி. ஆகஸ்ட் மூணு. "வாங்க மறுத்தார்: அமராவதி, அண்ணி."

நீங்க ஏன் வாங்கலைன்னு எனக்குப் புரியுது. அதுக்கு நான்தான் காரணம். தொட மாட்டேன்னு ஆச்சரியக்குறி போட்டு எழுதினது என் கைதானே? அதுக்கு உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா ஆகஸ்ட் அஞ்சாம் தேதி நான் எழுதினது ஒன்பதாம் தேதி உங்களுக்குக் கிடைச்சிருக்கும். அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா இன்னும் ஒன்பது நாள் இருந்துச்சு. வக்கீல் கம்பெனிக்குப் போய் நகல் வாங்கி ஒரே நாள்ல பதில் குடுத்திருப்பாரு. பதினொண்ணாம் தேதி போன்ல, தபால் ஏதாவது வந்துச்சான்னு மட்டும் கேட்டேன். நீங்க இல்லைன்னீங்க. அடுத்த வாரம் கேட்டேன். இல்லைன்னீங்க. அப்புறம் கைப்பட எழுதியும் அனுப்பினீங்க.

இன்னொண்ணு. நாங்க ஜெயிச்சுட்டோம். அந்த எம்.பி. அம்மா சபையில கேட்ட கேள்விக்கு அப்புறம் அமைச்சகம் கம்பெனியைக் கூப்பிட்டுப் பேசினாங்க. வியாழக்கிழமை ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. லைட் எரிஞ்சா க்ரூவும் உக்காரலாம். அடிபட்டா டூட்டியில பட்ட அடி. வைத்தியம் முடியற வரைக்கும் வேலைக்கு ஆபத்தில்ல. விசாரணை நடந்துக்கிட்டிருந்த ஆறு பேர் மேலயும் குற்றச்சாட்டை வாபஸ் வாங்கிட்டாங்க. முடிஞ்சு போன விசாரணையைத் திரும்பத் திறக்க மாட்டாங்களாம். ஏழுல முடிஞ்சு போனது என்னோடது ஒண்ணுதான். பர்வீன் மேடம் எனக்காக ரெண்டு மணி நேரம் வாதாடினாங்க. எனக்காக மத்தவங்க ஒப்பந்தம் நின்னு போகக்கூடாதுன்னு நானே அவங்களைப் போதும்னு சொன்னேன். ஸ்வீட் குடுத்தாங்க, நானும் எடுத்துக்கிட்டேன்.

ஒரு பல் டாக்டர்கிட்ட ரிசப்ஷன்ல உக்காந்திருக்கேன் இப்ப. லேபர் கோர்ட்டுக்குப் போகலாம், வருஷக்கணக்காகும்னு வக்கீல் சொல்றாரு.

ஏன் சொல்லல அண்ணி?

கீதாஞ்சலி

*

மரக்காணம்,
10.12.2024

கீதாவுக்கு அமராவதி எழுதறது. அண்ணின்னு எழுத வந்த கையை நிறுத்திட்டேன். நீ நல்லா இருக்கணும்.

உன் கடுதாசி வந்து மூணு வாரம் ஆகுது. நடுவுல புயல் வந்துச்சு, டி.வி.யில பார்த்திருப்பே. வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி, அளமெல்லாம் ஏரி மாதிரி கிடக்குது. புயல்னால எழுதலைன்னு சொல்லிடலாம்னு பார்த்தேன். இதுக்கு மேல பொய் வேணாம்.

ஆகஸ்ட் மூணு சனிக்கிழமை நடராசன் கவரைக் கொண்டு வந்தான். உன் பேரு, மூலையில கம்பெனி பேரு. முதல் நாள்தான் தொட மாட்டேன்னு நீ எழுதினதைப் படிச்சிருக்கேன். முந்தானைக்குள்ள கையை வெச்சுக்கிட்டேன். "வாங்கிக்கோக்கா, அவசரமா இருக்கப் போகுது"ன்னான். "எங்க வீட்டுப் பொண்ணு எதுக்கும் பயப்பட மாட்டா, எடுத்துக்கிட்டுப் போ"ன்னு சொல்லிட்டேன். அப்படியே அளத்துக்குப் போய் எல்லாருகிட்டயும் நடிச்சுக் காட்டினேன். கை தட்டினாங்க.

ஒன்பதாம் தேதி உன் கடுதாசி வந்துச்சு. படிச்ச கையோட தபால் ஆபீஸுக்கு ஓடினேன், கவர் அன்னைக்கே திரும்பிப் போயிடுச்சுன்னாங்க. பின்பக்கம் இருந்த பர்வீன் மேடம் நம்பரை எடுத்தேன். ஒன்பது நம்பர் அமுக்கினேன் கீதா. பத்தாவது நம்பரை அமுக்கல. டெல்லி போய் வந்தவ என்னைப் பெருசா நெனச்சிருக்கா, ஒண்ணும் தெரியாத உப்பளத்துக்காரின்னு நெனச்சுடுவாளேன்னு கூச்சம். வேற ஒண்ணுமில்ல. இது பெருசா, உன் வேலை பெருசான்னு நீ கேப்பே. எனக்கு அன்னைக்கு அதுதான் பெருசா தெரிஞ்சுது. போன வருஷம் பதினோரு பேரு வாங்காம இருந்தப்ப ஒண்ணும் ஆகலையே, இதுவும் அப்படியே போயிடும்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு ஒன்பது நாளையும் எண்ணிக்கிட்டே விட்டேன். பத்தாம் நாளுக்கு அப்புறம் சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு தோணிடுச்சு. பயந்தவ பொய் சொல்லிட்டா. அவ்வளவுதான். உன் அண்ணி தைரியசாலின்னு நானே பரப்பி விட்டது.

போன வாரம் உன் அண்ணன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கத்துவாருன்னு பார்த்தேன். எழுந்து போய், புயல்ல சாஞ்ச முருங்கை மரத்தை வெட்ட ஆரம்பிச்சாரு. அஞ்சு நாளா சோத்தை அவரே போட்டுச் சாப்பிடறாரு. பாப்பாத்திகிட்டயும் சொன்னேன், எல்லாரு முன்னாடியும்தான்.

கோர்ட்ல நான் வந்து சொன்னா உனக்கு உதவுமான்னு வக்கீல்கிட்ட கேளு. எத்தனை தடவை கூப்பிட்டாலும் வர்றேன். மன்னிப்புன்னு கேக்க மாட்டேன், கேட்டா நீ குடுக்கணுமேன்னு உனக்குக் கஷ்டம். திட்டி நாலு வரி எழுதினா போதும்.

பொங்கலுக்கு நீ வராம இருந்துடாதே. உன் அண்ணன் உன்னைப் பார்த்து ஒரு வருஷம் ஆகுது, வாசல்ல நின்னு ரோட்டைப் பார்க்கறாரு. நான் இருந்தா உனக்குக் கஷ்டமா இருக்கும். போகி அன்னைக்குக் காலையிலயே பெருமுக்கல்ல என் தம்பி வீட்டுக்குப் போயிடறேன். நீ ஊருக்குப் போன பிறகு வர்றேன். பொங்கலுக்கு வேண்டியதெல்லாம் எடுத்து வெச்சுட்டுப் போறேன். உன் வீட்டுக்கு நீ தாராளமா வரலாம்.

அமராவதி

*

மும்பை,
3.1.2025

அண்ணிக்கு கீதா எழுதறது. உடம்பு தேவலை. புயல் தண்ணி வடிஞ்சுதான்னு அண்ணன்கிட்ட போன்ல கேட்டுக்கிட்டேன்.

நீங்க கோர்ட்டுக்கு வந்து சொன்னா உதவுமாம். கேஸ் போடச் சொல்லிட்டேன். தேதி வந்தா வக்கீலே எழுதுவாரு.

பதிமூணாம் தேதி காலையில வர்றேன். நீங்க பெருமுக்கல் போக வேணாம், என்ன பேச்சு இது, உங்க வீட்டை விட்டு நீங்க எதுக்குப் போகணும்னு எழுதத்தான் உக்காந்தேன். மூணு பேப்பர் கிழிச்சுட்டேன். அந்த வரி வரல அண்ணி. திட்டியும் எழுதிப் பார்த்தேன். அதுவும் வரல.

போயிட்டு வாங்க. காணும் பொங்கல் அன்னைக்கு சாயங்காலம் வந்துடுங்க. எனக்கு மறுநாள் காலையில பஸ்ஸு. ஒரு வேளை சாப்பாடு சேர்ந்து சாப்பிடலாம். பேச வருதான்னு அப்ப பார்க்கறேன்.

கீதா